மகனே, அது வெறும் கேஸ் இல்லை

அன்பு மகனே,

மாரண்டஹள்ளி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டாவது சந்தில் வசிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் மாணவன் ஒருவனின் மேலுதட்டில், இடப்பக்கம் நான்கும் வலப்பக்கம் ஏழுமாக மொத்தம் பதினொரு முடிகள் முளைத்திருக்கின்றன என்பதையும், அவை இனி நிரந்தரமாக அங்கேயே குடியிருக்க முடிவு செய்துவிட்டன என்பதையும், இன்று காலை கண்ணாடி முன்னால் தேசிய கீதத்துக்கு நிற்பது போல விறைப்பாக நின்று, ஆழ்ந்த பொறுப்புணர்ச்சியோடு அறிவித்துக்கொள்கிறேன். அந்த மாணவன் நான்தான். மீசை வந்துவிட்டால் வயதாகிவிட்டது என்று அர்த்தம். வயதானவர்கள் செய்கிற முதல் வேலை மகனுக்குப் புத்திமதி சொல்லிக் கடிதம் எழுதுவது. எனக்கு மகன் இல்லை என்பது ஒரு சின்னக் குறைதான். நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அம்மா யார் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நீ மகளாகப் பிறந்திருந்தால், ‘மகனே’ என்று வரும் இடங்களில் ‘னே’யை அடித்துவிட்டு ‘ளே’ போட்டுக்கொள். மற்றபடி விஷயம் ஒன்றுதான். நீ வளர்ந்து, படிப்புக்கோ வேலைக்கோ வீட்டைவிட்டுக் கிளம்புகிற நாளில் இதைப் படி.

விளையாட்டாக ஆரம்பித்தாலும் விளையாட்டுக்காக எழுதவில்லை. சென்ற வருடம் என் அப்பாவின் உடம்பில் ரத்தம் குறைந்துகொண்டே போனது. காயம் இல்லை, விபத்து இல்லை. வயிற்றுக்குள் ஒரு கிருமி உட்கார்ந்துகொண்டு செய்த வேலை அது. அந்தக் கிருமி பெரும்பாலும் ஒரு வீட்டுக்குள்ளேயே பெரியவர்களிடமிருந்து சின்னப் பிள்ளைகளுக்குக் கைமாறும் என்று தருமபுரி டாக்டரம்மா சொன்னார். நம் வம்சத்தில் நிலம் கொஞ்சம்தான். அதனால் சொத்து என்று எதையாவது உனக்கு எழுதி வைக்கிறேனோ இல்லையோ, இது உனக்கு வந்து சேரக் கூடாது என்று தோன்றியது. நான் ‘அப்பா’ என்று எழுதுகிற இடத்திலெல்லாம் ‘தாத்தா’ என்று படித்துக்கொள். நாற்பத்தேழு வயதில் அவரை யாராவது தாத்தா என்று கூப்பிட்டால் அடிக்க வருவார். ஆகவே மனசுக்குள் படி.

உன் தாத்தா சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். சுற்றுப்பட்டுத் தோட்டங்களில் தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போவார், சில நாள் ஓசூருக்கும் போவார். ஏற்றுவது, இறக்குவது, ஓட்டுவது மூன்றும் அவரே. என் அம்மா அரசுப் பள்ளியில் சத்துணவுச் சமையலர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் முட்டை அவித்துப் போடுகிறவர். அப்படிப்பட்ட வீட்டில் ரத்தம் குறைந்தது என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எனக்கு வந்தது. அதுதான் நான் செய்த முதல் தப்பு. இன்னும் நிறைய இருக்கிறது, பொறுமையாக வா.

நம் வீட்டில் ‘கேஸ்’ என்ற சொல்லுக்கு நான்கு பொருள். சமையலறையில் சிலிண்டராக நிற்பது ஒன்று. வரப்புத் தகராறில் பாலக்கோடு கோர்ட்டில் நடப்பது ஒன்று. என்னைப் பற்றி வகுப்பாசிரியர் அம்மாவிடம் சொன்னது (“இது தேறாத கேஸுங்க”) மூன்றாவது. நான்காவது, அப்பாவின் வயிற்றில் இருந்தது. சாப்பிட்டால் உப்பிக்கொள்ளும், சாப்பிடாவிட்டால் எரியும், ஏப்பம் விட்டால் அடுத்த சந்தில் நாய் குரைக்கும். நாலு வருடத்துக்கு முன்பு மருந்துக்கடைக்காரரிடம் சொன்னார். அவர் எல்லைப்பக்கத்து ஆள், பாதி கன்னடம் பாதி தமிழ். “ஏனூ இல்ல, பரீ கேஸு” என்றார். ஒன்றுமில்லை, வெறும் கேஸ் என்று அர்த்தம். ஓசூர் லோடு அடித்து அடித்து அப்பாவுக்குக் கன்னடம் புரியும். கடைக்காரர் கேஸ் என்று சொன்னது அவருக்குக் கெஜட்டில் வந்தது போல ஆகிவிட்டது. அன்றிலிருந்து காலையில் பல் துலக்கினால் ஒரு கேஸ் மாத்திரை, அப்புறம்தான் டீ. எரிச்சல் அடங்கியது. எரிச்சல் அடங்கினால் நோயும் அடங்கியது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். தீ அணைந்ததா, புகையை மட்டும் மூடி வைத்தோமா என்று யாரும் பார்க்கவில்லை.

பிறகு அவர் அரிசி தின்ன ஆரம்பித்தார். சோறு இல்லை, பச்சை அரிசி. போகும்போதும் வரும்போதும் அரிசி டிரம்மைத் திறந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு நறநறவென்று மென்றுகொண்டே போவார். கேட்டால், “சும்மா, வாயிக்கு நல்லாருக்குது” என்பார். நான் டிரம் மேல் ஒரு காகிதம் ஒட்டினேன்: ‘நாலு கால் எலிகளுக்கு மட்டும் அனுமதி.’ அவர் சிரித்துக்கொண்டே அதைக் கிழித்துவிட்டுத் தின்றார். அடுத்த நாள் டிரம்முக்குள் அரிசிக்கு அடியில் நிஜமான எலிப்பொறியை வைத்தேன். மகனே, இதைப் படித்துவிட்டு நீ இதைச் செய்து பார்க்காதே. பட்டென்று ஒரு சத்தம், பின்னாலேயே ஒரு கெட்ட வார்த்தை, அதன் பின்னாலேயே அம்மா. “ஏண்டா, பெத்த அப்பன எலின்னு நெனச்சியா? இரு, உன்ன பூனைக்கு போடறன்” என்று கத்திக்கொண்டே அவர் விரலைப் பிடித்து மஞ்சள் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னாங்க இது, நகம் இப்படிக் கெடக்குது?” நகங்கள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, நடுவில் குழிந்து, கரண்டி போல இருந்தன. நான் விளையாட்டாக ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டேன். அது வழியாமல் குழிக்குள் நின்றது. கண்ணின் கீழ் இமையை அம்மா இழுத்துப் பார்த்தார். அங்கேயும் சிவப்பு இல்லை. எலிப்பொறிதான் நோயைக் கண்டுபிடித்தது என்று இன்றுவரை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பாலக்கோட்டு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஆறு புள்ளி எட்டு. ஆம்பளைக்குப் பதிமூன்றாவது இருக்க வேண்டும் என்று நர்சு அக்கா சொன்னார். பாதிக்குப் பாதி. பாப்பாரப்பட்டியிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, சேதி கேட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். “ஆம்பளைக்கு எப்படிடா ரத்தம் கம்மியாவும்? பொம்பளைக்குன்னா மாசா மாசம் போவுது. இவனுக்கு எங்க போவுது?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் சரியான கேள்வி என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. அத்தையே அதை விட்டுவிட்டு வைத்தியத்துக்குப் போய்விட்டார். பேரீச்சை, முருங்கைக்கீரை, கேழ்வரகுக் களி. ஞாயிற்றுக்கிழமையானால் ஆட்டுச் சுவரொட்டி. மண்ணீரலைத்தான் நம் பக்கம் சுவரொட்டி என்பது. ரத்தம் ஊறும் என்று வாங்கி வதக்கிக் கொடுப்பார்கள். என்னைக் கூப்பிட்டு, “ஒரு சுவரொட்டி வாங்கியா சாமி, சீக்கிரம் போ” என்றார் அத்தை. நான் பஸ் ஸ்டாண்டு மதிலில் கபடிப் போட்டிக்கு ஒட்டியிருந்த போஸ்டரை நுனி கிழியாமல் உரித்துச் சுருட்டிக்கொண்டு வந்து, “சுவரொட்டி அத்தை. புதுசு, நேத்து ஒட்டுனது. உப்பு போட்டு வதக்குங்க” என்று நீட்டினேன். அத்தை அதை விரித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கரண்டியைத் தேடினார். அப்பா மட்டும் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஏழு புள்ளி ஒன்று. அங்கிருந்த சின்ன டாக்டர், “மாத்திரை ஒழுங்கா போடறீங்களா, இல்ல கோழிக்கு போடறீங்களா?” என்று கேட்டார். அப்பா, “தெனமும் போடறேங்க” என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கும் சந்தேகம். காலி அட்டைகளை எடுத்துப் பார்த்தார், தலையணை உறைக்குள் கைவிட்டுப் பார்த்தார். நான் வேறு சும்மா இல்லாமல், எங்கள் சேவலைத் தூக்கிக்கொண்டு வந்து, “அம்மா, இதோட கொண்டைய பாருங்க, எவ்ளோ செவப்பு. மாத்திரையெல்லாம் இவருதான் சாப்பிட்டிருக்கறாரு” என்றேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மகனே, அவர் உண்மையைத்தான் சொன்னார். ஒரு நாள் விடாமல் விழுங்கியிருக்கிறார். வேலை செய்யாதது மாத்திரை. ஒருவர் ‘மருந்து சாப்பிட்டும் சரியாகவில்லை’ என்று சொன்னால் முதலில் அவரைச் சந்தேகப்படாதே, மருந்து எங்கே தடைபடுகிறது என்று கேள். நான் கேட்கவில்லை. சேவலைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் காலை அவரோடு வண்டியில் போனேன். வண்டி நிறையத் தக்காளி. பாலக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், எடை மேடைக்குப் பக்கத்தில், திடீரென்று வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துவிட்டார். நான் ஏதோ விளையாட்டு என்று நினைத்து ஹாரனை அடித்தேன். தலை நிமிரவில்லை. தோளைத் தொட்டேன், சட்டை நனைந்து சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “ஒண்ணுமில்லடா. கண்ணு கொஞ்சம் இருட்டிட்டு வந்துச்சு” என்றார். எதிரே ஒரு காலேஜ் பஸ் போனது. ஜன்னல் நிறையத் தலைகள். ஒரு நிமிடம் தாமதித்து நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு பேருமே நினைத்தோம். என் வாயில் ஒரு ஜோக்கும் வராத நாள் அது ஒன்றுதான்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தத் தடவை இருந்தது ஒரு டாக்டரம்மா. தருமபுரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். “ரத்தம் எங்கியோ கசியணும், இல்லன்னா சத்து உள்ள சேராம இருக்கணும். ரெண்டுல எதுன்னு தெரியாம மாத்திரைய மட்டும் குடுத்துட்டே இருக்க முடியாதுங்க. வாய் வழியா டியூப் விட்டு வயித்த பாத்துடலாம்” என்றார். அப்பா தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது அங்கேயே கிடந்தது, துவைத்தால் தண்ணீரில் ஊறிக் கிழியும் வரைக்கும் கிடந்திருக்கும். காரணம் பெரியப்பா. அவருக்கும் இப்படித்தான் டியூப் போட்டார்கள், ஆறு மாதத்தில் போய்விட்டார், வயிற்றில் புற்றுநோய். டியூப் போட்டதால்தான் நோய் வந்தது என்பது அப்பாவின் கணக்கு. மழை வந்ததும் குடை விரிக்கிறார்கள், அதனால் குடைதான் மழையைக் கொண்டுவருகிறது என்பது போல. நான் அதைச் சொல்லிப் பார்த்தேன். “உங்கூட பேசி ஜெயிக்க முடியாதுடா. ஆனா நான் வரல” என்றார்.

மகனே, பயந்தவரிடம் தர்க்கம் பேசாதே. நான் ஒரு வாரம் பேசித் தோற்றேன். கடைசியில் ஒரு நாள் வண்டிச் சாவியை எடுத்து என் டிபன் பாக்ஸில் தயிர்சோற்றுக்கு நடுவில் புதைத்துவிட்டு, “டியூப் போட்டுக்கிட்டாத்தான் சாவி” என்று சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, “அதுல கேன்சர்னு வந்துட்டா என்னாடா பண்றது?” என்று கேட்டார். அதுவரை அந்தச் சொல்லை அவர் வீட்டில் சொன்னதே இல்லை. “வந்துட்டா வைத்தியம் பாக்கலாம்ப்பா. அன்னைக்கு எடை மேடைகிட்ட நிறுத்துனீங்களே, நாளைக்கு நிறுத்த முடியலன்னா என்னா பண்றது?” என்றேன். அவர் எழுந்து டிபன் பாக்ஸைத் திறந்து, சாவியைத் துடைத்து, “கெளம்பு” என்றார். அந்தச் சாவியில் இன்னும் தயிர் வாடை இருக்கிறது என்று சொல்கிறார். நான் நம்பவில்லை.

தருமபுரியில் அன்று தேதி மட்டும் குறித்துக் கொடுத்தார்கள், டியூப் இரண்டு வாரம் கழித்துத்தான். விட்டுப் பார்த்த டாக்டரம்மா வேறொருவர், எங்கள் அம்மா வயது இருக்கும். நிதானமாகப் பேசுகிறவர். கட்டி எதுவும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அம்மா அங்கேயே சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். இரைப்பையின் உள்சுவர் மட்டும் வீங்கிச் சிவந்திருந்ததாம். ஒரு துணுக்கு எடுத்துக் கிருமி இருக்கிறதா என்று சோதித்தார்கள், இல்லை என்று வந்தது. “அப்ப காரணம் கெடைக்கலைங்க. அடுத்து கீழயிருந்து ஒரு டியூப் விட்டுக் குடல பாத்துடலாம்” என்றார். அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத்தில் கொண்டுவர முடியாது. வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டதற்கு, “ஒண்ணும் இல்லைங்க, இரும்பு மாத்திரதாங்க” என்றார். வாய் சும்மா இருக்குமா எனக்கு? “மேடம், எங்கப்பா மேல நாலு வருஷமா கேஸ் ஓடுதுங்க. தெனமும் காலையில ஆஜர்” என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“என்னா கேஸு?”

“கேஸ் மாத்திரைங்க. காலையில டீக்கு முன்னாடி.”

“டியூப் போடறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே வயித்து மாத்திரை எல்லாம் நிறுத்தச் சொன்னாங்களே?”

“அது மாத்திரையா மேடம்?” என்று கேட்டார் அப்பா. மெய்யாகவே தெரியாமல்தான் கேட்டார். “அது பல்லு வெளக்கற மாதிரிங்க.”

இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், மகனே. பிரஷ்ஷர் மாத்திரை மாத்திரை, சர்க்கரை மாத்திரை மாத்திரை, கேஸ் மாத்திரை மட்டும் உப்பு மிளகாய் மாதிரி. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அந்த மாத்திரை வயிற்று அமிலத்தைக் குறைக்கும். அமிலம் குறைந்த வயிற்றில் கிருமி ஒடுங்கி ஒளிந்துகொள்ளும், செத்துப்போகாது. சோதனையில் அகப்படாது, அவ்வளவுதான். நாலு வருடமாக நாங்கள் திருடனுக்குப் போர்வை போர்த்திவிட்டு, வீட்டில் திருடனே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். இரண்டு வாரம் கேஸ் மாத்திரையை நிறுத்திவிட்டு மலத்தைச் சோதனைக்குக் கொண்டுவரச் சொன்னார். அந்த இரண்டு வாரமும் அப்பாவுக்கு நெஞ்சு எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அவர் வீட்டில் இருந்த நேரமெல்லாம் நான் காவல் இருந்தேன்.

“வூட்டுல வேற யாருக்காச்சும் வயித்துத் தொந்தரவு உண்டுங்களா?” என்றும் கேட்டார் டாக்டரம்மா. அம்மா என் காதைப் பிடித்து முன்னால் இழுத்தார். “இவனுக்கும் தெனமும் எரியுதுங்க. ஸ்கூல் கேம்ப்ல இவனுக்கும் ரத்தம் கம்மின்னு சீட்டு குடுத்தாங்க. ஒழுங்கா தின்றதில்லன்னு நெனச்சிட்டு உட்டுட்டேங்க.” ஆக, இரண்டு வாரம் கழித்து இரண்டு டப்பாக்களை ஒரு மிட்டாய்க்கடைப் பைக்குள் வைத்துக்கொண்டு தருமபுரி பஸ்ஸில் போனவன் நான். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா ஒருவர் பையையே பார்த்துக்கொண்டு வந்தார். “இன்னா கண்ணு, வூட்டுல விசேஷமா? லட்டா?” என்றார். “இல்லைங்க, வூட்டுல செஞ்சது” என்றேன். “வூட்டுல செஞ்சதுன்னா ருசியாத்தான் இருக்கும்” என்றார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்தபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் குலுங்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டு டப்பாவிலும் கிருமி இருந்தது. அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. அப்பாவின் காதில் அது ‘ஹெலிகாப்டர், பை, லாரி’ என்று விழுந்தது. “ஹெலிகாப்டரும் லாரியும் ஒண்ணா உள்ள ஓடுனா வயிறு தாங்குமாடா?” என்றார். கிருமி ரத்தத்தை எப்படிக் குறைக்கும் என்று கேட்டேன். டாக்டரம்மா சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். நாம் சாப்பிடுகிற இரும்புச்சத்து வயிற்று அமிலத்தில் கரைந்தால்தான் குடல் அதை எடுத்துக்கொள்ளும். இந்தக் கிருமி இரைப்பைச் சுவரில் வழவழப்புக்கு அடியில் குடியிருந்து, வருடக்கணக்கில் சுவரை வீங்கவைத்து, அமிலம் சுரப்பதைக் கெடுத்துவிடும். வருகிற இரும்பில் தனக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். சிலருக்குப் புண்ணாகி, தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசியும். இரும்பு இல்லாமல் ரத்தம் எப்படி ஊறும்? அப்பா உடனே புரிந்துகொண்டார். “அதாவது லோடு தெனமும் வந்துச்சு. கேட்டுல எவனோ உக்காந்துகிட்டு எறக்க உடல.” அதேதான். கேஸ் மாத்திரையும் அமிலத்தைக் குறைத்ததால், கேட்டில் இருந்தவனுக்கு நாங்களே நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறோம். இரும்பு மாத்திரையை டீயோடு போட்டதும் தப்பாம். சிலருக்கு இந்தக் கிருமியால் பி பன்னிரண்டு என்ற சத்தும் சேராமல் போய் வேறு விதமாக ரத்தம் குறையும், அபூர்வமாகச் சிலருக்கு ரத்தத் தட்டணுக்கள் குறையும் என்றும் சொன்னார். பயப்படவும் வேண்டாம் என்றார். நம் நாட்டில் இது நிறையப் பேர் வயிற்றில் சும்மா இருக்கிறது, எல்லோருக்கும் தொல்லை கொடுப்பதில்லை. ஆனால் காரணம் தெரியாமல் ரத்தம் குறைந்து, இரும்பு கொடுத்தும் ஏறாவிட்டால் இதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

வைத்தியம் பதினான்கு நாள். காலையும் மாலையும் ஒரு கை நிறைய மாத்திரை, எனக்கும் அப்பாவுக்கும் சேர்த்து. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகி முரடாகிவிடும் என்று டாக்டரம்மா இரண்டு முறை சொன்னார். மாத்திரை மேஸ்திரியாக என்னை நானே நியமித்துக்கொண்டேன். அப்பா காலை மாத்திரையை மறந்து லோடுக்குப் போன ஒரு நாள், பஸ் பிடித்து மார்க்கெட்டுக்கே போய், தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் அவரை நிறுத்தி விழுங்க வைத்தேன். கூட இருந்தவர்கள், “உனக்கு அப்பனா இவன்?” என்று அவரைக் கிண்டல் செய்தார்கள். பதினான்கு நாளில் அப்பா ஒரு வேளைகூட விடவில்லை. என்னை ஏமாற்ற முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மருந்து முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் கழித்து, மறுபடியும் கேஸ் மாத்திரை இல்லாமல் காத்திருந்து, மறுபடியும் இரண்டு டப்பாவோடு பஸ் ஏறினேன். இரண்டு சீட்டிலும் ‘இல்லை’ என்று வந்தது. அதற்குப் பிறகு அதே இரும்பு மாத்திரை அப்பாவுக்கு வேலை செய்தது. போன வாரம் பன்னிரண்டு புள்ளி நான்கு. பெட்டியைத் தூக்கினால் மூச்சு வாங்குவதில்லை. அரிசி டிரம் பக்கமே போவதில்லை. அத்தை வந்தபோது, “இவன் இல்லன்னா எந்தம்பி இல்ல” என்று என் கன்னத்தைக் கிள்ளி, சந்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். நானும் மறுக்கவில்லை. எலிப்பொறி என்னுடையது, சாவி என்னுடையது, கேஸ் பற்றிச் சொன்ன வாய் என்னுடையது. அப்பாவைக் காப்பாற்றியவன் நான் என்று பள்ளியில் ஒருவர் பாக்கி இல்லாமல் சொல்லியிருக்கிறேன்.

இனி உனக்கு மட்டும் சொல்ல வேண்டியது. உன்னிடம் முதலில் சொல்வதற்குக் காரணம், நீ இன்னும் பிறக்கவில்லை, அடிக்க முடியாது. தமிழ் ஐயா மெய்க்கு அரை மாத்திரை என்பார். மெய்யைச் சொன்னால், ஏழாம் நாளிலிருந்து என் மெய்க்குள் அரை மாத்திரைகூடப் போகவில்லை. அந்த மருந்து வாயை இரும்பாக்கிவிடும். ஆறாம் நாள் சினேகிதன் வீட்டுக் காதுகுத்து விருந்து. ஆட்டுக்கறி பழைய காசை நக்கியது போல இருந்தது. கோபத்தில் நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு தினமும் அப்பா எதிரே மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு, கொல்லையில் போய்த் துப்பினேன். “முழுங்கிட்டியா?” என்று கேட்பார். “முழுங்கிட்டேன்ப்பா” என்பேன். அவர் நம்பினார். அவரை நான் நம்பாத காலம் ஒன்று இருந்தது. மறு சோதனைக்குப் போனபோது மாட்டிக்கொள்வேன் என்று பயம் வந்தது. டப்பா தூக்குகிறவனும் நானே என்பதால், இரண்டு டப்பாவிலும் அப்பாவுடையதையே போட்டுக் கொடுத்துவிட்டேன். என் பெயர் போட்ட அந்த நல்ல சீட்டில் ஒரு சொட்டுகூட நான் இல்லை. கிருமி இன்னும் எனக்குள்தான் இருக்க வேண்டும். பாதி மருந்து தின்று பழகி, முன்பைவிட முரடாக. நேற்று அப்பா கேட்டார், “உனக்கு எரிச்சல் நின்னுடுச்சா?” என்று. “நின்னுடுச்சு” என்றேன். இப்போதும் எரிகிறது. இதை எழுதுகிறபோதும்.

அப்பா வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருக்கிறார். போய்ச் சொல்லிவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

சொல்லிவிட்டேன். குழாயை மூடினார். வண்டியின் படியில் உட்கார்ந்தார். “எத்தன நாளு போட்ட?” என்றார். “ஆறு.” சேவலோடு நின்ற அன்று நான் கிண்டல் செய்தது போல அவரும் செய்வார் என்று எதிர்பார்த்தேன், செய்யவில்லை. “அப்ப எனக்கு ரெண்டு வாட்டி டெஸ்ட் பண்ணி, ரெண்டு வாட்டியும் பாஸு. உனக்கு ஒரு வாட்டிகூட பாக்கல” என்றார். “திங்கக்கெழம லோடு வேணாம்னு சொல்லிடறன். டாக்டரம்மாகிட்ட போலாம். நடந்தது எல்லாத்தையும் நீயே உன் வாயால சொல்லணும்.” சரி என்றேன். “உங்கம்மாகிட்டயும் நீயேதான் சொல்லணும். டியூப் வேணும்னா இன்னொரு தடவ முழுங்கறன், அதுக்கு மட்டும் நான் வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தார்.

அம்மா இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா